கால் கழுவி வருகிறேன்

சனிக்கிழமை மாலைகளிலே வெள்ளவத்தையில் எங்களுக்கு ஒரு சிறு வட்டம் உண்டு. ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஒருவர் ஒரு நூலைக் கொண்டு வருவார். ஏனையோர் குற்றங் காண்பர். பல்லாண்டாக இவ்வாறு நடந்து வருகின்றது. எங்களுள் மூத்தவர் ஹெந்தளையிலே வசிப்பவர், இளைப்பாறிய தலைமையாசிரியர், எழுபதை எட்டிப் பிடிக்கும் வயது. ஹெந்தளையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருவதென்றால், ஒரு பஸ்ஸிலே ஏறிக் களனி கங்கையைக் கடந்து, புறக்கோட்டையில் இறங்கி, மறு பஸ்ஸிலே ஏறிக் காலி வீதி வழியாக வரவேண்டும். அப்படி வந்தும் நேரத்துக்கு முன்னே வந்து நிற்பவர் அவர் ஒருவரே. வெள்ளவத்தையிலேயே குடியிருக்கும் நாங்கள் பிந்துவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மலக்குடலிலே புற்றுநோய் கண்டது. மஹரகமவிலே கதிர்ச்சிகிச்சை நடந்தது. பின்னர்ச் சத்திரசிகிச்சை நடந்தது. சில மாத காலம் வயிற்றிலே பை ஒட்டியிருந்தார். பின்னர் அதுவும் நீக்கப்பட்டது. நோய் நீங்கிற்று என்று வைத்தியர்கள் சொன்னார்கள். நாங்கள் மகிழ்ந்தோம். அடுத்த சனிக்கிழமை அவருக்கென்று நாற்காலி போட்டு வைத்தோம். அவர் வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. ஓராண்டு கழிந்தது.

எனக்கோ மனத்திலே ஒரு முள். அவர் நோயுறுமுன் கூடிய கடைசிக் கூட்டத்திலே, கம்பராமாயணச் செய்யுள் ஒன்றின் பதம் பிரிப்பைக் குறித்து எனக்கும் அவருக்கும் சொற்போர் விளைந்தது. நான் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன். தமிழ் படித்தவர்களின் கோபம் ஆண்டுக் கணக்கிலே நிற்கக் கூடியது. என் கோபமே அப்படித்தான். ஆதலின், அவர் வராமைக்கு நானே காரணம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். தொலைபேசியிலே கேட்டால், "உடம்பு சுகம், வர வசதிப்படவில்லை" என்பார். அந்தச் சுருக்கம் என் முடிவை உறுதிப்படுத்திற்று.

சென்ற ஆடி மாதத்திலே ஒருநாள் மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடு ஹெந்தளைக்குப் போனேன். ஹமில்டன் கால்வாயை அடுத்த ஓர் ஒழுங்கையிலே அவர் வீடு. "வாரும் பண்டிதர், இரும்" என்று அன்போடு வரவேற்றார். கோபத்தின் சாயல் சிறிதும் இல்லை. அக்கா தேநீர் கொண்டு வந்தார். பேச்சுத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை; எழுந்து உள்ளே போனார். வந்தார். மறுபடியும் எழுந்தார். மூன்றாம் முறை எழும்பொழுது என் முகத்தைப் பார்த்துச் சற்றே நகைத்து, "கால் கழுவி வருகிறேன்" என்றார்.

அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

*

மாணாக்கர் அறிவர்: நன்னூலார் வழக்கினை ஆறாகப் பகுத்தார். இயல்பு வழக்கு மூன்று. தகுதி வழக்கு மூன்று. தகுதி வழக்கினுள் முதலாவது இடக்கரடக்கல். அவையிலே சொல்ல இடர்ப்படும் பொருளை வேறொரு சொல்லால் அடக்கிச் சொல்வது. மலங் கழித்தலைக் 'கால் கழுவுதல்' என்பது அதற்கு வாய்பாடு போலாகிவிட்ட உதாரணம். பரீட்சையிலே ஒரு புள்ளிக்குரிய வினா. நானும் முப்பது ஆண்டாக இதனைக் கற்பித்து வருகின்றேன். கரும்பலகையிலே உதாரணத்தை எழுதினவுடன் பின்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள். கண்டுங் காணாதவன் போல அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுவேன்.

நன்னூலுக்கு எத்துணையோ காலம் முந்திய தொல்காப்பியத்திலும், எச்சவியலினுள், இவ்விதி உண்டு. அவைக்கு ஒவ்வாத சொல்லை மறைத்துச் சொல்லுக என்பது அதன் கருத்து. இங்கே இரண்டு வினை உள்ளன: மறைத்தல் ஒன்று, சொல்லுதல் ஒன்று. முதல் வினையை நாம் இறுகப் பற்றிக்கொண்டோம். இரண்டாவதை நழுவவிட்டோம். சொல்லாமல் இருப்பதுதான் நாகரிகம் என்றால், அதற்கு இலக்கணம் எதற்கு? வாயை மூடிக்கொண்டிருப்பவனுக்குச் சூத்திரம் வேண்டியதில்லை.

நம் முன்னோர் இவ்விஷயத்திலே கூச்சம் மிகுந்தவர் அல்லர். பதினெண்கீழ்க்கணக்கினுள் ஒன்றாகிய ஆசாரக்கோவையைப் பார்க்க. எங்கெங்கே மலசலங் கழித்தல் ஆகாது என்பதைப் பெருவாயின் முள்ளியார் வெண்பாவிலே வைத்துப் பாடியிருக்கிறார். விளைநிலம், வழி, நீர்நிலை, கோயில், பிறர் தங்கும் நிழல் என்று அவர் தரும் நிரலிலே நகராண்மைச் சட்டத்துக்கு உரிய விடயம் முழுவதும் இருக்கின்றது. நாமோ 'வெளிக்குப் போதல்', 'ஒதுங்குதல்', 'காலைக்கடன்' என்று எத்தனையோ நல்ல சொற்களை வைத்துக்கொண்டும், 'கக்கூசு' என்றோம். அது ஒல்லாந்தச் சொல். ஒல்லாந்தர் 1796 இலே இந்நாட்டைவிட்டுப் போயினர், சொல் போகவில்லை. ஒல்லாந்த மொழியிலே அது மிகக் கொச்சையானது. பிறமொழியிலே சொன்னால் நாற்றம் குறையும் என்பது நம்மவர் எண்ணம் போலும்! இப்பொழுது கக்கூசும் நாற்றம் எடுத்துவிட்டது, 'வோஷ்ரூம்' என்கின்றோம்.

*

நண்பர் திரும்பி வந்தபின் நாணம் நீங்கினவராய்ப் பேசினார். "எல்லாருக்கும் காலைக்கடன் காலையோடு தீரும் ஐசே. எனக்கு அது வட்டியோடு வளருகிறது. மாலையிலும் கடன்காரன் வாசலிலே நிற்கிறான்" என்றார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை. ஒருமுறை போய்வந்தால் அரைமணி நேரத்தினுள் மூன்று நான்கு முறை தொடர்ந்து போகவேண்டும். வருகிறது என்று தோன்றினாற் பொறுக்க முடியாது. காற்றோ மலமோ என்று பிரித்தறிய முடியாது. சில வேளை, அறியாமலே உடை நனைந்துவிடும். இத்தகைய ஒருவர் ஹெந்தளையிலே பஸ் ஏறிப் புறக்கோட்டையிலே இறங்கி வெள்ளவத்தைக்கு வருவது எங்ஙனம்? வெள்ளிக்கிழமை தோறும் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போகும் வழக்கமுடையவர், அதையும் விட்டுவிட்டார். கோயிலினுள்ளே ஏதும் நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பது அவருடைய அச்சம். பேரனின் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கும் போகவில்லை. "பாட்டாவுக்குத் தலையிடி" என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

"கிளினிக்கிலே சொல்லவில்லையா, ஐயா?" என்றேன்.

"வயிறு எப்படி என்று கேட்பார்கள். பரவாயில்லை என்பேன். புற்றுநோயிலிருந்து உயிரைக் காத்துத் தந்தவர்களிடம் போய், கோவணம் நனைகிறது என்று முறையிடுவதா?"

இதுவே இவ்விஷயத்தின் கரு. உயிர் பிழைத்தவன் குறை சொல்லலாகாது என்று ஓர் எண்ணம். அது நன்றியறிதல் போலத் தோன்றுகிறது. உண்மையிலே அது அவரை வீட்டினுள் அடைத்துவிட்டது.

நடந்தது இதுதான். மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசிப் பகுதி; ஏறக்குறைய ஒரு சாண் கொள்ளத்தக்கது. நமது ஊர்க் குளத்துக்கு அதனை ஒப்பிடலாம். மேலிருந்து வருவதை வாங்கித் தேக்கி வைக்கும், நிரம்பினால் அறிவிக்கும், காலம் இடம் பார்த்துத் திறந்துவிடுவதற்குக் கீழே தசைகளால் ஆகிய மதகு உண்டு. அதன் சுவரிலுள்ள நரம்புகள் நுண்ணியவை. வந்தது காற்றா, நீரா, திண்மையா என்று தரம் பிரித்துச் சொல்பவை அவையே. நாம் ஒருநாளும் இதனை நினைத்துப் பார்ப்பதில்லை. புற்றுநோயின் பொருட்டு மலக்குடலை அரிந்து நீக்கி, மேலுள்ள குடலைக் கீழே இழுத்துத் தைக்கும்பொழுது, குளத்தைத் தூர்த்துவிட்டு வாய்க்காலை நேரே மதகிலே கொண்டுவந்து சேர்த்தது போலாகின்றது. தேங்க இடமில்லை. ஆதலின் சிறிது சிறிதாக, அடிக்கடி, அவசரமாக வருகின்றது. கதிர்ச்சிகிச்சையும் சேர்ந்தால் எஞ்சிய குடற்சுவர் நெகிழ்ச்சி குன்றி இறுகும். மதகின் தசையும் நரம்பும் தளரும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காகக் கதிர்ச்சிகிச்சை பெற்ற பெண்களுக்கும், ஆண்களிலே முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோய்க்காக அதனைப் பெற்றவர்களுக்கும், மலக்குடல் தன்னிடத்திலே இருந்தபோதும், இத்தொல்லை வரலாம். சிகிச்சை முடிந்து மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழிந்தும் வரலாம். காரணம் அறியாமல், சாப்பாட்டிலே குற்றம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர் பலர்.

இது ஒருவருக்கோ இருவருக்கோ உரிய தொல்லை அன்று. மலக்குடற் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிலே மிகப் பலருக்கு ஓரளவிலேனும் இது உண்டு. நோயாளர் தாமாகச் சொல்லார் என்பதை அறிந்த டென்மார்க்கு நாட்டு வைத்தியர்கள் 2012 ஆம் ஆண்டிலே ஐந்து வினாக்களை வகுத்தனர். காற்றை அடக்க முடியாமற் போகிறதா? நீராகிய மலம் அறியாமற் கசிகிறதா? ஒரு நாளைக்கு எத்தனை முறை? போய்வந்த ஒரு மணி நேரத்தினுள் மறுபடி போக நேர்கிறதா? ஓடிப்போக வேண்டிய அவசரம் உண்டா? விடைகளுக்குப் புள்ளி இட்டுக் கூட்டினால் 42 க்குள் ஓர் எண் வரும். இருபதுக்கு மேற்பட்டால் தொல்லை உண்டு என்பதும், முப்பதோ அதற்கு மேலோ வந்தாற் பெருந்தொல்லை என்பதும் கணக்கு. நம் பரீட்சையிற் போலன்றிக் குறைந்த புள்ளியே இங்கே சித்தி. இலக்கணக்காரன் கண்ணுக்கு அவ்வினாக்கள் ஒவ்வொன்றும் நல்ல இடக்கரடக்கல். பொருள் தெளிவு, சொல்லிலே அருவருப்பு இல்லை.

*

இவ்விடத்திலே முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நினையாமல் இருக்க முடியாது. புதுக்கோட்டையிலே 1886 இற் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியிலே 1912 இற் பட்டம் பெற்றவர். சட்டசபையிலே அமர்ந்து பெண்களின் பொருட்டு வாதாடியவர். அவருடைய தங்கை 1923 ஆம் ஆண்டிலே புற்றுநோயால் இறந்தார். மலக்குடலிலே தோன்றிய புற்று. முதலிலே அது சீதபேதி என்று கருதப்பட்டது. வைத்தியராகிய தமக்கை அருகே இருந்தும் காக்க இயலவில்லை. 1925 இலே இங்கிலாந்துக்குச் சென்றபொழுது இலண்டனிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலையை அம்மையார் கண்டார். நம் நாட்டுக்கும் இத்தகைய ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அவரை விடவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு போராடினார். 1952 இலே நேரு அடிக்கல் நாட்டினார்; 1954 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, பன்னிரண்டு கட்டில்களோடு, அடையாற்றிலே புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. இன்று தமிழுலகம் முழுவதும் அறிந்த அந்நிலையத்தின் மூலத்திலே இருப்பது, சொல்லக் கூசும் உறுப்பிலே வந்த ஒரு நோயும், ஒரு தங்கையின் மரணமும்.

அதே 1954 இலே மற்றோர் அக்காள் தங்கையர் கதையும் நிகழ்ந்தது. டென்மார்க்கிலே எலீஸ் சோரென்சன் என்னும் தாதி ஒருவர் இருந்தார். அவருடைய சகோதரி தோராவுக்குச் சத்திரசிகிச்சையின் பின்னர்க் குடலின் நுனி வயிற்றிலே வெளிப்படுத்தப்பட்டிருந்தது. அக்காலத்திலே அதற்குத் தக்க பை இல்லை. துணியும் வாரும் கட்டிச் சமாளிப்பர், கசியும், மணக்கும். தோரா வெளியே செல்ல அஞ்சி வீட்டினுள்ளே இருந்துவிட்டாள். உடம்பிலே ஒட்டிக்கொள்ளும் விளிம்புடைய பை ஒன்றைச் செய்தால் என்ன என்று எலீஸ் எண்ணினார். உற்பத்தியாளர் ஒருவர் உடன்பட்டார், பை செய்யப்பட்டது. இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் உடுப்பின் உள்ளே அணிந்துகொண்டு வேலைக்கும் விழாவுக்கும் போய்வரும் பைகளுக்கு அதுவே முன்னோடி.

தோராவின் கதையைச் சொன்னபொழுது நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார். அவர் ஊரிலேதான் ஒல்லாந்தர் 1708 இலே அமைத்த தொழுநோய் வைத்தியசாலை இருக்கிறது. இலங்கையின் மிகப் பழைய வைத்தியசாலைகளுள் ஒன்று. தொழுநோயாளரைப் பிரித்து வைப்பதற்கு 1901 இலே ஒரு சட்டமும் பிறந்தது. அந்நோயை முற்றாக மாற்றும் கூட்டு மருந்துகள் 1980களிலே வந்தன. மருந்து வந்தபின்னும், நோய் மாறியபின்னும், போவதற்கு வீடின்றி அங்கேயே முதுமையடைந்தவர் பலர். "அவர்களை அரசாங்கம் அடைத்தது. என்னை நானே அடைத்துக்கொண்டேன்" என்றார் நண்பர்.

*

அன்று மாலை இருவரும் இருந்து ஒரு தாள் எழுதினோம். நான் செய்த இலக்கியப் பணிகளுள் இதுவே பயன்பட்டது என்று இப்பொழுது எண்ணுகிறேன். ஐந்து வினாவுக்கும் விடை. எந்த உணவுக்குப் பின் எவ்வளவு நேரத்திலே தொல்லை வருகிறது என்பது. இரவிலே எத்தனை முறை எழுகிறார் என்பது. அடக்கமான சொல், ஆயினும் ஐயமற்ற சொல். பேர்த்தி அதனைச் சிங்களத்திலே பெயர்த்தாள். அடுத்த கிளினிக்கிலே வாயாற் சொல்லக் கூசியவர் தாளை நீட்டினார். வைத்தியர் முழுவதும் வாசித்தாராம். "இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?" என்று கேட்டாராம்.

அதன்பின் அவர் செய்தவற்றை வாசகர் பொருட்டுச் சொல்ல வேண்டும். இத்தொல்லை உடையார் இதனை வாசிப்பாராயின், தம் வைத்தியரிடம் கேட்டே எதனையும் தொடங்குக.

முதலாவதாக, பட்டினி கிடப்பதை விட்டார். வெளியே போகவேண்டிய நாளிலே காலையிலிருந்து ஒன்றும் உண்ணாமல், தண்ணீரும் குடியாமல் இருப்பது அவர் வழக்கமாயிருந்தது. அது தவறு. வெறுங்குடல் அடங்கியிருப்பதில்லை, காற்று மிகும், உடல் நீர் வற்றிச் சோரும். இப்பொழுது சிறிது சிறிதாக, நேரந் தவறாமல் உண்கிறார். எது ஒவ்வாது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். குறிப்புப் புத்தகம் ஒன்றே அதனைக் காட்டும். அவருக்கு உறைப்பும் பாலும் பகை. காலையிலே குடிக்கும் முதற் பாற்றேநீர் குடலை உடனே எழுப்பிவிடுகிறது என்று கண்டு, வெளியே போகும் நாளிலே அதனைத் தள்ளி வைக்கிறார். வெண்காயத்தை விடமுடியாது என்கிறார்; யாழ்ப்பாணத்தவர் அல்லவா! இசப்கோல் உமியைச் சிறிதளவு தண்ணீரிலே கரைத்து உண்ணும்படி சொல்லியிருக்கிறார்கள். நீராய்ப் போவதை அது ஏந்திக் கட்டியாக்கும். குடலின் ஓட்டத்தைத் தணிக்கும் லோப்பெரமைட் என்னும் குளிகையும் உண்டு. வைத்தியர் சொன்ன அளவிலே, உணவுக்கு முன்னர்.

இரண்டாவது, மதகுக்குப் பயிற்சி. காற்றை அடக்குவது போல ஆசனவாயின் தசைகளை உள்ளே இழுத்துச் சில விநாடி நிறுத்திப் பின் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கலாகாது, தொடையும் வயிறும் இறுகலாகாது. ஒவ்வொரு நாளும் பலமுறை. கேகல் என்னும் அமெரிக்க வைத்தியர், பிள்ளை பெற்ற பெண்களின் சிறுநீர்த் தொல்லைக்காக 1948 இலே எழுதிய பயிற்சியின் வழி வந்தது இது. கதிரையிலே இருந்து தொலைக்காட்சிச் செய்தி பார்க்கும்பொழுதே செய்யலாம்; அருகிலிருப்பவர் அறியார். ஆனால் ஒரு வாரத்திலே பயன் தராது. மாதக்கணக்கிலே செய்ய வேண்டும். நண்பர் மூன்று மாதத்தின் பின்னரே சிறிது மாற்றங் கண்டார்.

தோலைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்வேன். நம்மவர் வழிதவறுவது இங்கேதான். நம்முடைய சுத்தவுணர்வு பெரிது. ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுவோம். அதற்கு மேலும் சுத்தம் வேண்டித் தண்ணீரிலே டெட்டோல் கலப்போம். நாளுக்குப் பன்னிரண்டு முறை இப்படிச் செய்தால் எந்தத் தோல் தாங்கும்? நண்பருக்குத் தோல் உரிந்து, இருக்கவும் முடியாத எரிவு. தாதி சொல்லிக் கொடுத்த முறை மிக எளியது. இளஞ்சூட்டுத் தண்ணீரால் மட்டும் கழுவுக. வாசனைச் சவர்க்காரமும் கிருமிகொல்லியும் வேண்டா. தேய்க்காமல், மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்குக. நன்றாக உலர்ந்தபின், குழந்தைகளுக்குப் பூசும் நாகக் களிம்பை மெல்லப் பூசுக. அது மலமும் ஈரமும் தோலிலே படாமல் வேலி போல நிற்கும். தண்ணீராற் கழுவும் நம் வழக்கம் கடதாசியாலே துடைப்பதிலும் இங்கே சிறந்தது என்று தாதி சொன்னாராம். அதைச் சொன்னபோது நண்பர் முகத்திலே ஒரு தமிழ்ப் பெருமிதம் தோன்றிற்று.

பை அணிந்த காலத்திலும் தொல்லை தோலாலேயே வந்ததாம். வயிற்றிலே வெளிப்படும் குடல்நுனி உதட்டின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாயிருக்கும், தொட்டால் நோவாது. ஆனால் பையின் தட்டிலே வெட்டும் துளை குடல்நுனியிலும் பெரிதாகிவிட்டால், இடையிலுள்ள தோலிலே கழிவு பட்டுப் புண்ணாகும். அளந்து வெட்டவேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியவுடன் வெறுமையாக்க வேண்டும். நிறையவிட்டால் பாரத்தினாலே கழன்றுவிடும். இவற்றையெல்லாம் முதலிற் கற்றுக்கொண்டவர் அக்கா. மருத்துவத்துக்கு உறுப்பு நான்கு என்று வள்ளுவர் வகுத்தபொழுது, நோயாளியையும் வைத்தியனையும் மருந்தையும் சொல்லி, பக்கத்திலிருந்து பேணுபவரையும் ஓர் உறுப்பாக வைத்தார். அவ்வுறுப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அக்கா இரண்டு ஆண்டாக எந்தக் கலியாண வீட்டுக்கும் போகவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு முழங்கால் நோவு என்று சொன்னாராம். வீட்டிலே ஒருவருக்குத் தலையிடி, ஒருவருக்கு முழங்கால்! உண்மை நோவை ஒருவரும் சொல்லவில்லை.

பயணத்துக்கென்று இப்பொழுது ஒரு தோட்பை வைத்திருக்கிறார். மாற்று உள்ளுடை, சாரம், அணையாடை, ஒரு போத்தல் தண்ணீர், களிம்பு, நனைந்ததை முடிந்து வைக்கப் பொலித்தீன் பை. மேலே ஒரு நூலும் இருக்கும். "யாரேனும் திறந்து பார்த்தாற் பண்டிதனுடைய பை என்று எண்ணட்டும்" என்பார். பஸ்ஸிலே வாசலுக்கு அடுத்த இருக்கை. புறக்கோட்டையிலே எந்த இடத்திலே கூலி கொடுத்துப் போகத்தக்க மலசலகூடம் உண்டு, எது சுத்தம், எது காலையிலே பூட்டியிருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பயணிகளுக்கான அத்தகைய இடங்கள் நம் நகரத்திலே மிகக் குறைவு என்பதை, நோயற்றவனாகிய நான் அவரோடு ஒருநாள் போனபின்பே அறிந்தேன்.

தொல்லை முற்றும் நீங்கிவிட்டதா? இல்லை. பன்னிரண்டு ஐந்தாறாகக் குறைந்தது. கசிவு எப்பொழுதாவது உண்டு. முதல் ஒன்று இரண்டு ஆண்டிலே பலருக்கு உடம்பு தானாகவே ஓரளவு பழகிக்கொள்ளும் என்றும், அதன்பின் எஞ்சுவது எஞ்சக்கூடும் என்றும் வைத்தியர் சொல்லியிருக்கிறார். இவற்றாற் குணங் காணாதவர்க்குக் குடலின் கீழ்ப்பகுதியை நாள்தோறும் தண்ணீராற் கழுவி வெறுமையாக்கும் முறையும் இருக்கிறது. பயின்றவர் கற்பிக்க வேண்டும். ஒன்றை மட்டும் அவர் அழுத்திச் சொன்னாராம். இரத்தம் கண்டாலோ, புதிதாக வயிற்று வலி வந்தாலோ, காரணமின்றி உடம்பு மெலிந்தாலோ, பழைய தொல்லைதான் என்று இருந்துவிடாமல் உடனே வரவேண்டும். அடையாற்று அம்மையாரின் தங்கைக்கு நேர்ந்ததை நண்பர் அவருக்குச் சொன்னாராம்.

இக்கட்டுரையை எழுதட்டுமா என்று கேட்டேன். "பெயரை விட்டுவிடும்; மற்றதை எழுதும். கொச்சை வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்" என்றார்.

*

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிலே வெள்ளவத்தைக் கூட்டத்துக்கு வந்தார். கதவுக்கு அண்மையிலே, ஓர நாற்காலி. அன்று உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலரும் வந்திருந்தனர். நான் ஆறு வகை வழக்கைப் பற்றிப் பேசினேன். மரூஉ முடிந்து இடக்கரடக்கலுக்கு வந்தேன். அந்நேரத்திலே நண்பர் எழுந்தார். சபையை ஒருமுறை பார்த்தார். "பண்டிதர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் கால் கழுவி வருகிறேன்" என்று யாவரும் கேட்கச் சொல்லிவிட்டு, தோட்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

என் சொற்பொழிவுக்குத் தக்க உதாரணத்தை நடித்துக் காட்டினார் என்று எண்ணிச் சபை கைதட்டிற்று. முன்வரிசையிலிருந்த பெண்பிள்ளை ஒருத்தி அதனைக் கொப்பியிலே எழுதிக்கொண்டாள்.

கால் மணி நேரத்தின் பின் திரும்பி வந்தார். நான் முடித்தவுடன் எழுந்து, என்னுடைய பதம் பிரிப்பு மூன்றாண்டாகியும் திருந்தவில்லை என்று தொடங்கினார்.